இறங்கிப் பார்த்த அருவி

தொடர்கதை எழுதுகிறவனுக்கு வருகிற கடிதங்கள் மூன்று வகை. கதாநாயகியைக் கொன்றுவிடாதீர்கள் என்று கெஞ்சுபவை முதல் வகை. அவளைச் சீக்கிரமாகக் கொன்று கதையை முடித்துத் தொலையுங்கள் என்பவை இரண்டாம் வகை. இந்த இரண்டையும் படித்துச் சிரித்துவிட்டு மேஜைக்குள் போட்டுவிடலாம். மூன்றாம் வகை அபூர்வமாகத்தான் வரும். வந்தால் அன்றைக்குத் தூக்கம் போய்விடும். "நீங்கள் எழுதியது தப்பு" என்று, கோபதாபம் இல்லாமல், மரியாதையாகச் சொல்லுகிற கடிதம் அது.

சில வருஷங்களுக்கு முன் வல்வில் ஓரியைப் பற்றி ஒரு சரித்திரக் கதை எழுதிவந்தேன். பதினோராவது அத்தியாயத்தில், கொல்லிமலைத் தலைவனான ஓரி தன் மாளிகையின் மேல்மாடத்தில் நிற்கிறான். எதிரே நிலா வெளிச்சத்தில் ஆகாய கங்கை அருவி வெள்ளிச் சரிகை போல விழுகிறது. அதைப் பார்த்து அவன் பெருமூச்சு விடுகிறான். ஓவியர் அந்தக் காட்சிக்குப் பிரமாதமாகப் படம் போட்டிருந்தார். எனக்கே அதைப் பார்க்கப் பார்க்கத் திருப்தியாக இருந்தது.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. எழுதியவர் கொல்லிமலையில் பிறந்து அங்கேயே பள்ளிக்கூட ஆசிரியராக இருப்பவர். கதையை ஒரு வாரம் விடாமல் படித்துவருவதாகச் சொல்லிவிட்டு, கடைசியில் நாலே வரி எழுதியிருந்தார்: "ஐயா, எங்கள் அருவியை எந்த மாடத்திலிருந்தும் பார்க்க முடியாது. பக்கத்து வயலில் நின்று களை எடுப்பவளுக்குக்கூட அது தெரியாது. இறங்கித்தான் பார்க்க வேண்டும். ஒருமுறை வந்து பாருங்கள்."

பார்க்காமலே எழுதினீர்களா என்று நீங்கள் கேட்கலாம். ஆம், பார்க்காமலேதான் எழுதினேன். கல்லூரியில் நான் படித்தது இரண்டே வருஷம். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் நூல்நிலையங்களில். சங்கப் பாட்டுக்கு உரை படித்துவிட்டால் மலையையும் படித்துவிட்டதாக ஒரு மமதை. அந்த மமதையின் மேல்தான் ஆசிரியருடைய கடிதம் வந்து விழுந்தது. ஐப்பசி மாதம் மழை சற்று ஓய்ந்த ஒரு வாரத்தில், கைப்பையோடு நாமக்கல்லுக்கு ரயில் ஏறிவிட்டேன்.

நாமக்கல்லிலிருந்து பார்த்தால் கொல்லிமலை ஒரு பெரிய மதில் மாதிரி தெரிகிறது. ஊசிச் சிகரம் எதுவும் இல்லை. சமவெளியிலிருந்து திடீரென்று எழும்பி, தலையைத் தட்டையாக வெட்டிவிட்டது போல நிற்கிறது. சேந்தமங்கலத்தையும் காளப்பநாயக்கன்பட்டியையும் தாண்டிக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்ததும் பஸ் வளைவுகளில் ஏறத் தொடங்கிற்று. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். முப்பதாவது வளைவு வரை எண்ணினேன். அதற்குப் பிறகு வயிறு எண்ண விடவில்லை. எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் மடியில் ஒரு கோழிக் கூடையை வைத்துக்கொண்டு, எழுபது வளைவையும் தூக்கத்திலேயே கடந்தாள்.

மேலே போய்ச் சேர்ந்ததும் எனக்கு முதல் ஆச்சரியம் காத்திருந்தது. மலை உச்சி என்றால் பாறையும் காடும் மேகமும் என்று நினைத்துப் போனவனுக்கு முன்னால், ஓர் உழவர் நாடு விரிந்து கிடந்தது. கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே நெல் வயல்! பள்ளங்களில் படி படியாக நெல். சரிவுகளில் மரவள்ளி. சவுக்கைப் போல் நெடுநெடுவென்று வளர்ந்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. அவற்றின் நிழலில் காப்பிச் செடி. வீட்டுக்கு வீடு பலா மரம். பசுமாட்டைப் பிடித்துக்கொண்டு வரப்பில் ஒரு சிறுமி போகிறாள். இதைக் கீழே ஒரு ஜில்லாவில் பார்த்திருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

செம்மேட்டில் ஆசிரியர் வந்து அழைத்துப் போனார். ஓரிக்கு அங்கே சிலை இருக்கிறது. ஆடி மாதம் 17, 18 தேதிகளில் அவன் பெயரால் விழாவும் நடக்கிறது. ஆசிரியருடைய ஊர் வாழப்பூர் நாட்டில். 'நாடு' என்றதும் நான் விழித்ததைப் பார்த்து அவர் சிரித்தார். கொல்லிமலையில் ஊராட்சிகளுக்கே நாடு என்றுதான் பெயர்: வாழப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு என்று பதினான்கு நாடுகள். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் மட்டும் படித்திருந்த ஒரு சொல், இங்கே பஞ்சாயத்து அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் சர்வ சாதாரணமாக இருந்தது.

இவ்வளவு அழகான மலை ஊட்டியைப் போல, ஏற்காட்டைப் போல ஏன் துரைமார்களின் கோடை வாசஸ்தலம் ஆகவில்லை? இதே சேலம் ஜில்லாவில் இருந்த சேர்வராயன் மலைக்கு 1820களிலேயே கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்துவிட்டார். பிறகு பங்களாக்களும் வந்தன. கொல்லிமலைக்கு அவர்கள் அதிகம் வராததற்குக் காரணம் காய்ச்சல். மலேரியாவுக்குப் பேர் போன மலை இது. கொசு காத்த மலை என்று சொல்லலாம். நல்லதைச் செய்ததற்காகக் கொசுவுக்கு யாரும் சிலை வைக்கவில்லை. அதனால் கொன்ற உயிர்களையும் நினைக்க வேண்டியிருக்கிறதே!

ஆசிரியருடைய தகப்பனார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர், ஒற்றை நாடி தேகம். "வாங்க தம்பி, ஏறி வந்த களைப்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, உள்ளே திரும்பிச் சாப்பாடு எடுத்து வைக்கச் சொன்னார். சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும். அரிசிச் சோற்றைவிடச் சிறு சிறு மணியாக, உதிரி உதிரியாக இருந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பெரியவருக்கு அதில் மகா திருப்தி.

"ஓரி ராஜாவைப் பத்திக் கதை எழுதறீங்களாமே?" என்றார்.

"ஆமாம் பெரியவரே. உங்கள் ராஜாதானே?"

"எங்க ராஜா இல்லீங்க" என்றார் அவர் சட்டென்று. "நாங்க காஞ்சிபுரத்திலேருந்து வந்தவங்க. அண்ணன் தம்பி மூணு பேரு. கரிராமன் சாமியைத் தூக்கிக்கிட்டு வந்து, ஆளுக்கொரு மலையாப் பிரிஞ்சுட்டாங்க. ஓரி அதுக்கெல்லாம் முந்தி."

கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன் மலை ஆகியவற்றில் வாழும் மலையாளிகள் சொல்லிவரும் வரலாறு இது. மலையை ஆள்பவர் என்பதால் அந்தப் பெயர் என்று சொல்லுவார்கள். கேரளத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளிலும் இந்த மூன்று சகோதரர் கதை பதிவாகியிருக்கிறது. படித்திருந்தேன். ஆனால் சாமைச் சோற்றுக்கு மோர் விட்டுக்கொண்டே ஒருவர் தன் குலத்தின் கதையைச் சொல்லக் கேட்பது வேறு அநுபவம்.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். "அது சரி, ஓரியைக் கொன்னுபுட்டாங்கன்னு விழாவிலே பேசறாங்களே. கொன்னதுக்கப்புறம் இங்க இருந்த சனம் என்ன பண்ணுச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இருபது அத்தியாயம் எழுதிவிட்டேன். அந்தக் கேள்வி ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் தலைவர்களின் கதை. அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் ஓரி இந்த மலையை ஆண்டான். வன்பரணர் என்ற புலவர் அவனைப் பாடியிருக்கிறார். காட்டில் ஒரு வேடன் விட்ட அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் துளைத்துக் கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. யாரென்று தெரியாமல் அவனைப் புகழ்ந்து பாடுகிறார்கள். அவன் மான் இறைச்சியும் மதுவும் தந்து, தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணிகளையும் வாரி வழங்குகிறான். அவன்தான் ஓரி. இது புறநானூற்றில் 152-வது பாட்டு. அடுத்த பாட்டில் இன்னும் சுவாரஸ்யமான ஒரு செய்தி. ஓரி வீட்டில் சாப்பிட்ட கூத்தர்களும் பாணர்களும் தங்கள் ஆட்டத்தையும் பாட்டையுமே மறந்துவிட்டார்களாம். வயிறார உண்ட பிறகு வாய்க்கு என்ன வேலை?

இப்படிப்பட்டவனைக் கொன்றவன் யார்? திருமுடிக்காரி. அவன் பகைவர் பட்டியலில் தேடவேண்டிய பேர்வழி அல்ல. சிறுபாணாற்றுப்படை வரிசைப்படுத்துகிற ஏழு வள்ளல்களில் காரியும் ஒருவன், ஓரியும் ஒருவன். ஒரு வள்ளல் இன்னொரு வள்ளலைக் கொன்று, அவனுடைய மலையை மூன்றாவது ஒருவனுக்குக் கொடையாகக் கொடுத்தான். அகநானூற்றில் 209-வது பாட்டைப் பாடிய கல்லாடனார் இதைச் சொல்லுகிறார்: முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான் என்று. அந்தச் சேர வம்சத்துப் பெருஞ்சேரல் இரும்பொறை பிறகு தகடூரை வென்றான். அங்கே தோற்றவன் அதியமான். வள்ளல்களின் வரிசையில் அவனும் ஒருவன்! கொடையில் சிறந்தவர்கள் என்று பள்ளிக்கூடத்தில் ஒரே மூச்சில் ஒப்பித்தோமே, அவர்கள் ஒருவரை ஒருவர் ஒழித்துக்கொண்ட கதையும் அந்தப் பாட்டுக்களிலேயே இருக்கிறது. மலை மட்டும் கை மாறிக்கொண்டே இருந்தது. மலையில் இருந்தவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் அருவிக்குப் புறப்பட்டோம். பெரியவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். "ஆயிரம் படிக்கு மேல் இருக்கிறதாமே, உங்களால் முடியுமா?" என்று நான் கேட்டேன். ஆசிரியர் தலையைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை அடக்கத்தான் என்று பிறகு தெரிந்தது.

முதலில் அறப்பளீசுவரர் கோயில். அப்பர் சுவாமிகள் பள்ளி என்று முடிகிற தலங்களை வரிசையாகச் சொல்லும்போது இந்த ஊரையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகம் இந்தச் சுவாமியின் பேரில்தான். நூறு பாட்டிலும் குடித்தனம் நடத்துகிறவனுக்கு வேண்டிய புத்திமதி. கோயிலை ஒட்டி ஓர் ஆறு ஓடுகிறது. ஐந்து ஓடைகள் சேர்ந்து வருவதால் ஐயாறு என்கிறார்கள். ஆற்று மீன்களுக்குப் பக்தர்கள் பொரி போடுகிறார்கள். ஒரு காலத்தில் யாரோ மீனை அறுத்துச் சமைக்கப் போக, அது பொருந்தி உயிர் பெற்றுத் தண்ணீருக்குள் துள்ளிவிட்டது என்பது ஸ்தல புராணம்.

ஆற்றைப் பார்த்தேன். முழங்கால் அளவு தண்ணீர். வயல்களுக்கு நடுவே, நம் ஊர் வாய்க்கால் மாதிரி சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அருவி எங்கே என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். மரங்கள், வயல், கோயில், கடைகள். அருவிக்கான அடையாளமே இல்லை.

"இந்தத் தண்ணிதாங்க" என்றார் பெரியவர்.

ஆசிரியர் எழுதியது அட்சரம் பிசகாத உண்மை. அந்த ஆறு சற்றுத் தூரம் போய், மலையின் விளிம்பில் காலை வைத்து, அப்படியே மறைந்துவிடுகிறது. மேலே நிற்பவனுக்கு அது கோயிலைத் தாண்டி எங்கோ போகிற ஆறு. அது 300 அடி ஆழத்தில் விழுவது, மலையின் இடுக்கிலே இறங்கிப் போனவனுக்குத்தான் தெரியும். என்னுடைய ஓரி எந்த மேல்மாடத்தில் ஏறி நின்றிருந்தாலும் வயலைத்தான் பார்த்திருப்பான்.

இறங்கத் தொடங்கினோம். படிகள் செங்குத்து. சில படி முழங்கால் உயரம். நூறு படிக்கு ஒருமுறை நான் உட்கார்ந்தேன். பெரியவர் ஆடு மாதிரி இறங்கிப் போய், கீழே நின்று எனக்காகக் காத்திருந்தார். பாதி தூரம் வந்ததும் ஓர் ஓசை கேட்க ஆரம்பித்தது. முதலில் காற்று என்று நினைத்தேன். பிறகு தூரத்தில் ஒரு தெருவில் ஜனங்கள் கூடிக் கூச்சல் போடுவது போல இருந்தது. இன்னும் இறங்க இறங்க அந்தக் கூச்சல் வளர்ந்தது. அருவி கண்ணுக்குத் தெரியவில்லை. ஓசை மட்டும்.

தெருவில் ஜனங்கள் கூச்சல் போடுவது போல. இந்த உவமை எனக்குள் எதையோ தட்டிற்று. ஒரு படியில் அப்படியே நின்றுவிட்டேன்.

நற்றிணையில் 320-வது பாட்டு கபிலர் பாடியது. அது போர்ப் பாட்டு அல்ல, குடும்ப வழக்கு. திருவிழா முடிந்து முழவு ஓய்ந்த தெருவில், தழையாடை உடுத்துக்கொண்டு ஒருத்தி ஒய்யாரமாக நடந்து போகிறாள். ஊர் முழுவதும் அமர்க்களப்படுகிறது. வீட்டுப் பெண்கள் தங்கள் கணவன்மாரைப் பத்திரமாகப் பிடித்துவைத்துக்கொள்கிறார்கள். படித்தபோது நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்த அமர்க்களம் எப்படி இருந்தது என்பதற்குக் கபிலர் ஓர் உவமை சொல்கிறார். ஓரியைக் கொன்ற பிறகு அவனுடைய பெரிய தெருவுக்குள் காரி நுழைந்தபோது எழுந்த ஆரவாரம் போல் இருந்ததாம்!

பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். ஜனங்கள் இரைந்தார்கள். தலைவனைக் கொன்றவன் தங்கள் தெருவுக்குள் காலடி வைத்தபோது அவர்கள் வாய்மூடி நிற்கவில்லை. இத்தனைக்கும் கபிலர் காரியைப் பாடிப் பரிசு பெற்றவர், அவனுக்கு வேண்டியவர். ஆயினும் அந்தச் சத்தத்தை அவரால் மறக்க முடியவில்லை. போர்ப் பாட்டில் சொல்லாததை, வேறொரு சந்தர்ப்பத்தில், ஒருத்தி தெருவில் நடந்து போனதைச் சொல்லும்போது சொல்லிவிட்டார். பின்னத்தூர் நாராயணசாமி ஐயரின் உரையோடு நற்றிணை 1915-இல் அச்சாயிற்று. அன்றிலிருந்து அந்தச் சத்தம் புத்தகத்தில் இருக்கிறது. நானும் அதைப் படித்தேன். அருவியைப் போலவே அதையும் மேலே நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

படியிலேயே உட்கார்ந்து பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "சத்தம் போட்டாங்க, சரி. அப்புறம் போய் வெள்ளாமையைப் பாத்திருப்பாங்க" என்றார்.

"எப்படிச் சொல்கிறீர்கள்?"

"பின்னே? ராஜா செத்தான்னு தினை நிக்குமா? கிளி வந்துராதா?"

சங்கப் பாட்டுக்களில் குறிஞ்சி நிலத்துப் பெண்கள் தினைப் புனத்தில் கிளி ஓட்டுவதைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். ஒன்றிலும் இந்த நியாயம் இல்லை.

கடைசிப் படியில் காலை வைத்தபோது அருவி முன்னால் நின்றது. வர்ணிக்க ஆசைதான். ஆனால் ஒருமுறை வர்ணித்துப் பட்டது போதும். மூன்று பக்கமும் பாறை, நடுவில் தண்ணீர், பேசினால் காது கேட்காது, நின்ற இரண்டு நிமிஷத்தில் சட்டை நனைந்துவிட்டது. வெள்ளம் அதிகமாக இருந்ததால் யாரும் குளிக்கவில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். நான் எழுதியது போல் அது வெள்ளிச் சரிகையாக இல்லை. செங்காவியாக இருந்தது. முதல் நாள் இரவு மேலே நல்ல மழை.

பெரியவர் என் காதருகே குனிந்து, "எங்க காட்டு மண்ணுங்க" என்று உரக்கச் சொன்னார்.

ஏறும்போது அதன் விவரத்தைச் சொன்னார். இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில் வெளிநாட்டு மாவும் ஜவ்வரிசியும் வருவது தடைப்பட்டது. அந்தச் சமயம் 1940களில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தொடங்கிற்று. ஆலைகள் பெருகின, கிழங்கு தேவைப்பட்டது. பிற்பாடு மலைக்குச் சாலையும் லாரியும் வந்ததும் தேவை மலைமேல் ஏறிவிட்டது. சாமையும் தினையும் பனிவரகும் விளைந்த சரிவுகளில் கிழங்கு வந்தது. சாமைப் பயிர் வேரால் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கிழங்குக்கோ நடும்போதும் மண்ணைக் கிளற வேண்டும், பிடுங்கும்போதும் கிளற வேண்டும். அடுத்த மழைக்கு அந்த மண் ஓடைக்கு வருகிறது, ஓடை ஐயாற்றுக்கு, ஐயாறு அருவிக்கு. அருவியில் விழுந்து புளியஞ்சோலை வழியாகத் திருச்சி ஜில்லாவுக்குள் போய்விடுகிறது. காரி மலையை ஒரே நாளில் கொடுத்தான். இது மழைக்கு மழை கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது.

"அப்படியானால் கிழங்கே கூடாது என்கிறீர்களா?" என்றேன், நகரவாசிக்கு உரிய ஆவேசத்தோடு.

பெரியவர் மகனைச் சுட்டிக் காட்டினார். "இவனைப் படிக்க வெச்சது சாமை இல்லீங்க, கிழங்குதான். வீட்டுக்கு ஓடு போட்டதும் கிழங்குதான். நன்றி கெட்டுப் பேசக் கூடாது."

நான் வாயை மூடிக்கொண்டேன். அவரே மேலும் சொன்னார். சாமையை அறுத்துவிட்டால் வேலை தீர்ந்துவிடாது. உரலில் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து அரிசியாக்குவதற்குள் பெண்களின் தோள் கழன்றுவிடும். அவருடைய சம்சாரம் முப்பது வருஷம் குத்தினாள். "அவளைக் கேட்டா, சாமை ஒழிஞ்சது நல்லதுன்னுதான் சொல்லுவா" என்றார். 2011 ஜூன் மாதத்திலிருந்து தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் அரிசி இலவசமாகவே கிடைக்கத் தொடங்கிற்று. பசிக்குப் பயந்து சாமை விதைக்க வேண்டிய அவசியமும் போயிற்று. பசி போனதை யார் குறை சொல்ல முடியும்?

இந்தத் தானியங்களைக் காப்பாற்ற முயற்சி நடக்காமல் இல்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த மலையில் சிறுதானியங்களுக்காக வேலை செய்துவந்திருக்கிறது. விதைகளைச் சேர்த்து வைக்கவும், உரலுக்குப் பதில் உமி நீக்கும் யந்திரங்களைக் கொண்டுவரவும் பாடுபட்டிருக்கிறார்கள். உலகமே 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடிற்று. எங்கள் தெருக்கோடிக் கடையில் சாமை அரிசி பளபளப்பான உறையில் விற்கிறது. விலையைப் பார்த்தால் ஓரியைப் போன்ற வள்ளல் யாராவது வாங்கிக் கொடுத்தால்தான் உண்டு.

மாலையில் பெரியவர் தம் காட்டைக் காட்டினார். இரண்டு ஏக்கர் சரிவு. எல்லாம் மரவள்ளி. மேல் ஓரத்தில் கால் ஏக்கர் மட்டும் அறுவடை முடிந்து தட்டையாக நின்றது. "இதிலே மட்டும் சாமை. வருஷா வருஷம் போட்டுருவேன். எங்கப்பா குடுத்த விதை. அவருக்கு அவங்கப்பா குடுத்தது. ஒரு வருஷம் விட்டேன்னா அடுத்த வருஷம் கேக்க ஆளில்லே."

அந்த வரப்பில் நின்றபோது எனக்கு ஒன்று தோன்றிற்று. கபிலர் கேட்ட சத்தத்தைப் போட்டவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது. பெரியவருடைய முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள். ஓரியின் ஜனங்கள் போய்விட்டார்கள். ஆனால் அவர்கள் மலையில் விதைத்த தினையையும் சாமையையும் அடுத்து வந்தவர்கள் விடாமல் விதைத்துக்கொண்டிருந்தார்கள். அன்று மக்கள் மாறினார்கள், தானியம் நின்றது. இன்று மக்கள் நிற்கிறார்கள், தானியம் கிளம்பிக்கொண்டிருக்கிறது. சண்டை இல்லை, அம்பு இல்லை. அதனால் தெருவில் சத்தமும் இல்லை.

மறுநாள் புறப்படும்போது பெரியவர் ஒரு சுரைக்குடுக்கையைக் கொண்டுவந்து, கையைக் குவித்துச் சிறிது விதையை எடுத்தார். "உங்களுக்கு நெலம் இருக்குதுங்களா?" என்றார்.

"இல்லை. பட்டணத்தில் வாடகை வீடு. ஆனாலும் கொடுங்கள், ஞாபகமாக மேஜைமேல் வைத்துக்கொள்கிறேன்" என்றேன். சற்று உணர்ச்சிவசப்பட்டுத்தான் சொன்னேன்.

அவர் விதையை மறுபடி குடுக்கைக்குள் போட்டுவிட்டார். "அப்ப வேண்டாங்க. வெதையைச் சும்மா வெச்சிருக்கக் கூடாது." எனக்கு முகம் சிவந்துவிட்டது. அதைக் கண்டு அவர் உள்ளே போய், ஒரு துணிப்பையில் ஒரு படி சாமை அரிசி கொண்டுவந்தார். "இதைக் கொண்டு போங்க. பொங்கிச் சாப்பிடுங்க."

கதை புத்தகமாக வந்தபோது பதினோராவது அத்தியாயத்தைத் திருத்தினேன். மேல்மாடம் போய்விட்டது, ஓவியருக்கு வருத்தம். இப்போது ஓரி தன்னந்தனியாக மலை இடுக்கில் இறங்குகிறான். கடைசியில் ஓர் அத்தியாயம் புதிதாகச் சேர்த்தேன். அதில் ஓரி இல்லை; அவன் செத்துப் போயாகிவிட்டது. ஒரு பெரிய தெரு, காரியின் குதிரை, சத்தம். பிறகு பொழுது சாய்ந்து, ஒரு கிழவி கிளி ஓட்டப் புனத்துக்குப் போகிறாள். அந்த அத்தியாயம் நன்றாக இருக்கிறதாகச் சிலர் எழுதினார்கள். அது என்னுடையது அல்ல என்று அவர்களுக்குப் பதில் எழுதினேன்.

போன ஆடியில் ஆசிரியரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதில் தப்பு எதுவும் சுட்டிக்காட்டவில்லை. விழாவைப் பற்றி இரண்டு வரி, மழையைப் பற்றி ஒரு வரி. முடிவில்: "அப்பாவுக்கு முழங்கால் வலி. ஆகையால் இந்த வருஷம் மேல் காட்டில் நான்தான் சாமை விதைத்தேன். அவர் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, கை வீச்சு சரியில்லை என்று திட்டிக்கொண்டே இருந்தார்."